ஒரு இட்லிப் பானை மூடியும் மூணு மில்லி செகண்டும்

எங்க வீட்டு இட்லிப் பானை மூடியோட குமிழ் போன மாசம் கழண்டு விழுந்துச்சு. சாதா பானை இல்லைங்க. பாட்டி காலத்து எவர்சில்வர். மூடியில பாட்டி பேரும் '12-6-74'ன்னு தேதியும் புள்ளி புள்ளியா வெட்டியிருக்கும். அம்மா அதை பாத்திரம் ரிப்பேர் பாக்கறவர்கிட்ட குடுத்துட்டு வரச் சொன்னாங்க. நாமதான் வீட்ல ஒரு குட்டி இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷின் வச்சிருக்கோமே, இதுக்குப் போயி வெளியில அலையணுமான்னு ஒரு திமிர்.

6 மி.மீ. போல்ட் ஒண்ணை தலைகீழா மூடி மேல நிறுத்தி அடியில சின்னதா ஒரு வெல்டு வச்சா, மேல பேக்லைட் குமிழை திருகிடலாம். அஞ்சு நிமிஷ வேலை. 60 ஆம்ப்ஸ் வச்சேன். ராடைத் தொட்டேன். 'சர்ர்'ரு ஒரு சத்தம். ஹெல்மெட்டைத் தூக்கிப் பார்த்தா போல்ட் சாஞ்சு நிக்குது, பக்கத்துல வானம் தெரியற மாதிரி ஓட்டை. நல்ல வேளை, பாட்டி பேருக்கு ஒரு இஞ்ச் தள்ளி.

சரி, ஓட்டைக்கு இந்தப் பக்கமா இன்னொரு போல்ட். இந்தத் தடவை ராடை வச்சு வச்சு எடுத்து, டேக் அடிக்கற மாதிரி பொறுமையா. ஒட்டிக்கிச்சு! மூடி ஒரு பக்கம் அப்பளம் மாதிரி நெளிஞ்சதை நான் கண்டுக்கலை. பத்து நாள் கழிச்சு அந்தப் போல்ட்டைச் சுத்தி பழுப்பு நிறத்துல ஒரு வளையம். துரு. அம்மா ஒண்ணும் சொல்லலை, மூடியை என் சாப்பாட்டுத் தட்டு பக்கத்துல வச்சுட்டுப் போயிட்டாங்க. அதுக்குத் திட்டியே இருக்கலாம்.

துருப்பிடிக்காத இரும்புல ஏன் துருன்னு தேட ஆரம்பிச்சவன்தான். அது எங்கெங்கேயோ கூட்டிட்டுப் போயிடுச்சு. ஒரு ஜெர்மன் ஆய்வுக்கூடம், ஒரு அமெரிக்க ரயில், ஒரு கழுதை, ஒரு கப்பல் தளம். என்னை மாதிரி ஒரு சின்ன சாமானை எவர்சில்வர் தகடு மேல ஒட்டவைக்க அல்லாடினவங்க கதை இது.

முதல்ல என் பாவங்களை ஒப்புக்கிறேன். நான் எடுத்த போல்ட் சாதா இரும்பு, மேல துத்தநாகப் பூச்சு. எவர்சில்வர் மேல அதை வெல்டு வச்சா அந்த இடத்துல இரும்பு கலந்து குரோமியம் நீர்த்துப் போகும். துத்தநாகம் புகையாப் போறது போக மிச்சம் வெல்டுக்குள்ள நுழைஞ்சு விரிசல் விட வைக்கும். ராடும் சாதா ராடு. எவர்சில்வர் ராடு (308 எல், இல்லைன்னா ரெண்டு வகை இரும்பைச் சேர்க்கறதுக்கு 309 எல்) எடுத்திருக்கணும். ஆனா இதையெல்லாம் சரியா செஞ்சிருந்தாலும் ஓட்டை விழுந்துதான் இருக்கும். ஏன்னு பின்னாடி சொல்றேன்.

எவர்சில்வர் கதையைச் சொல்றவங்க எல்லாரும் ஷெஃபீல்டு நகரத்து ஹாரி பிரயர்லியிலதான் ஆரம்பிப்பாங்க. துப்பாக்கிக் குழாய் சூட்டுல அரிச்சுப் போறதைத் தடுக்க குரோமியம் கலந்து பார்த்தவர். 1913 ஆகஸ்ட் 13-ல வார்த்த உருக்குல 12.8 சதவீதம் குரோமியம். மைக்ராஸ்கோப்புல பார்க்கறதுக்காக அமிலத்துல நனைச்சா அரிக்கவே மாட்டேங்குது. வினிகர், எலுமிச்சைச் சாறு எதுக்கும் அசையலை. ஆனா அது கத்திக்கு ஏத்த உருக்கு. நம்ம இட்லிப் பானையோட நேரடிப் பாட்டன் வேற ஆளு. ஜெர்மனியில எஸ்ஸன் நகரத்துல குருப் கம்பெனியின் பென்னோ ஸ்ட்ராவுஸும் எடுவார்ட் மௌரரும், குரோமியத்தோட நிக்கலும் சேர்த்து 1912-லயே பேட்டன்ட் போட்ட வகை. அந்த வழியில வந்ததுதான் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் உள்ள '18/8'. பாத்திரத்துக்கும், பால் டாங்குக்கும், கெமிக்கல் ஃபாக்டரி குழாய்க்கும் அதுதான் ராஜா.

ராஜாவுக்கு ஒரு வியாதி இருந்துச்சு. 1920கள்ல ரசாயனத் தொழிற்சாலைகள் இந்த 18/8 தகட்டுல தொட்டி செஞ்சு அமிலத்தை ஊத்தினாங்க. தகடு பளபளன்னு இருக்கும். வெல்டும் நல்லா இருக்கும். ஆனா வெல்டை விட்டு கொஞ்சம் தள்ளி, ரெண்டு பக்கமும் தண்டவாளம் போட்ட மாதிரி ஒரு பட்டை மட்டும் அரிச்சுப் போயிருக்கும். தட்டினா மணியோசை வராம மண்சட்டி மாதிரி 'பொத்து'ன்னு சத்தம். உள்ளே உலோகத்தோட பரல்களுக்கு நடுவுல இருக்கற எல்லைக்கோடு அரிச்சு, பரல் பரலா உதிரும். வெல்டிங் சிதைவுன்னே இதுக்குப் பேரு வச்சாங்க.

காரணத்தை 1930-ல சொன்னவங்கள்ல முதல் ஆள், அதே பென்னோ ஸ்ட்ராவுஸ். தான் பெத்த பிள்ளையோட நோயைத் தானே கண்டுபிடிச்ச டாக்டர்! 1933-ல அமெரிக்காவுல எட்கர் பெய்னும் அவரோட வேலை செஞ்சவங்களும் அதை விரிவா நிறுவினாங்க. விஷயம் இதுதான். எவர்சில்வரைக் காப்பாத்தறது மேல இருக்கற கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம். அதுக்கு உலோகத்துல சுமார் 11, 12 சதவீதமாவது குரோமியம் வேணும். உலோகம் ஏறத்தாழ 450-லேர்ந்து 850 டிகிரி சூட்டுல கொஞ்ச நேரம் நின்னா, உள்ளே இருக்கற துளி கார்பன் குரோமியத்தோட கை கோத்துக்கிட்டு பரல் எல்லையில போய் உக்காந்துடும். பக்கத்து இடம் குரோமியம் இல்லாத ஏழையாயிடும். அங்கே துரு நுழையும்.

'கொஞ்ச நேரம்'னு சொன்னேன் பாருங்க, அதுலதான் மொத்தக் கதையும் இருக்கு. உருகின இடத்துக்கு ஆபத்து கம்மி, ஏன்னா அது அந்த வெப்ப எல்லையைச் சடார்னு கடந்து ஆறிடும். கொஞ்சம் தள்ளி இருக்கற இடம்தான் நடுத்தரமான சூட்டுல நின்னு வேகுது. அந்தக் காலத்து உருக்குல கார்பன் அதிகம், அதனால சில நொடிகளே போதும், காரியம் கெட்டுடும். டைட்டானியமோ நயோபியமோ கலந்து கார்பனை அதுங்க தலையில கட்டிவிடறது ஒரு வழி. கார்பனையே குறைக்கறது இன்னொரு வழி. ஆனா அது மலிவா முடிஞ்சது 1960களோட கடைசியில, உருகின எஃகுக்குள்ள ஆர்கானையும் ஆக்சிஜனையும் ஊதற உலை வந்த பிறகுதான். இன்னிக்கு கடையில 304 எல்-னு கேட்டு வாங்கறோமே, அந்த 'எல்' கார்பன் கம்மின்னு அர்த்தம்.

1930கள்ல இருந்தவங்களுக்கு இந்த சொகுசெல்லாம் கிடையாது. அவங்கள்ல ஒரு கூட்டம் வேற மாதிரி யோசிச்சுது. உலோகத்தை மாத்த முடியலைன்னா, நேரத்தை மாத்து!

ஃபிலடெல்ஃபியாவுல எட்வர்ட் பட்-னு ஒரு முதலாளி. காருக்கு முழு இரும்புல பாடி செஞ்சு பேர் வாங்கின கம்பெனி. உலகப் பொருளாதார மந்தத்துல கார் விற்பனை படுத்துடுச்சு. அவரு 18/8 தகட்டு மேல காதலாயிட்டாரு. அந்தத் தகட்டைச் சூடாக்காம உருட்டி உருட்டி மெலிசாக்கினா பயங்கர வலு வரும். மெலிசான தகடு, லேசான வண்டி. ஆனா எப்படி இணைக்கறது? ரிவெட் அடிச்சா கனம், ஆயிரக்கணக்குல ஓட்டை. வெல்டு வச்சா மேல சொன்ன வியாதி. போதாக்குறைக்கு, உருட்டி ஏத்தின வலுவும் சூட்டுல இறங்கிடும்.

அவரோட இன்ஜினியர் ஏர்ல் ராக்ஸ்டேல் கண்டுபிடிச்ச வழிக்கு 'ஷாட்வெல்டு'னு பேரு. 1934 ஜனவரியில பேட்டன்ட் கிடைச்சது. ரெண்டு தகட்டை ரெண்டு செம்பு முனைகளுக்கு நடுவுல அமுக்கிப் பிடிச்சு, நொடியில சின்னஞ்சிறு பகுதிக்கு மட்டும் பெரிய கரண்ட்டைப் பாய்ச்சறது. ஸ்பாட் வெல்டிங் அதுக்கு முன்னாடியே இருந்ததுதான். புதுசு என்னன்னா, நேரத்தை ஆள் கையில விடாம கருவியிடம் குடுத்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு சக்தி போச்சுன்னு பதிவு பண்ற ஏற்பாடும் வச்சாங்க. எவர்சில்வருக்கு மின்தடை சாதா இரும்பை விடப் பல மடங்கு அதிகம், அதனால நடுவுல சட்டுனு உருகும். செம்பு முனைக்குள்ள தண்ணி ஓடுது, அதனால வெளிப்பக்கம் உருகாது. பரல் எல்லைக்கு கார்பன் நடந்து போறதுக்குள்ள எல்லாம் ஆறிப்போச்சு. எவ்வளவு எளிமை பாருங்க!

இதை நிரூபிக்க பட் முதல்ல ஒரு விமானமே செஞ்சாரு. 1931-ல பிபி-1 பயனியர்னு எவர்சில்வர் எலும்புக்கூடு உள்ள நீர்-நில விமானம். பறந்துச்சு, ஆனா ஆர்டர் வரலை. அதைக் கொண்டு போய் ஃபிலடெல்ஃபியாவுல ஃபிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட் வாசல்ல நிறுத்திட்டாங்க. துணிப்போர்வையை உரிச்சுட்டு, வெறும் எலும்புக்கூடா, வெயில், மழை, பனி எல்லாத்துலயும் பல பத்தாண்டு நின்னுச்சு. இதை விட நேர்மையான துருப் பரீட்சை எந்த லேப்ல நடக்கும், சொல்லுங்க.

அடுத்தது ரயில். பர்லிங்டன் ரயில் கம்பெனி தலைவர் ரால்ஃப் பட் (பேர் ஒண்ணா இருக்கேன்னு குழம்பாதீங்க, இவரு வேற ஆளு) ஆர்டர் குடுத்தாரு. மூணு பெட்டி, 600 குதிரைசக்தி டீசல் இன்ஜின், உடம்பு முழுக்க ஷாட்வெல்டு வச்ச எவர்சில்வர். பேரு ஸெஃபைர். 1934 மே 26 அன்னிக்கு விடியக்காலை டென்வர்ல கிளம்பி, 1,015 மைல் தூரத்தை 13 மணி 5 நிமிஷத்துல கடந்து சாயங்காலம் சிகாகோ போய்ச் சேர்ந்துச்சு. சராசரி மணிக்கு 125 கிலோமீட்டர். நேரா உலகக் கண்காட்சி மேடை மேலயே போய் நின்னுச்சு. வண்டியில விருந்தாளியா ஒரு கழுதைக்குட்டியும் போச்சு, பேரு ஸெஃப். (சத்தியமா நான் சேர்த்ததில்லை.) வழியில யாரோ கதவைச் சாத்தினதுல ஒயர் அறுந்து, இன்ஜின் நின்னு போக, ஒருத்தர் அறுந்த ரெண்டு முனையையும் வெறுங்கையால சேர்த்துப் பிடிச்சு இன்ஜினை உசுப்பினாராம். கை வெந்துடுச்சு. ஆயிரக்கணக்கான வெல்டுல ஒண்ணும் விடலை, ஒரு ஒயர் காலை வாரிடுச்சு பாருங்க :-)

அந்த வண்டி 1960 வரைக்கும் ஓடிச்சு, 30 லட்சம் மைலுக்கு மேல. இப்போ சிகாகோ அறிவியல் அருங்காட்சியகத்துல இருக்கு. அந்த ஷாட்வெல்டு பரம்பரை பரவுச்சு. ஜப்பான்ல டோக்யூ கம்பெனி பட்-கிட்ட உரிமம் வாங்கி 1962-ல முழு எவர்சில்வர் மின்ரயில் செஞ்சுது. நம்ம பெரம்பூர் ஐ.சி.எஃப். ரொம்ப நாள் சாதா எஃகுப் பெட்டிதான் கட்டிட்டு இருந்தாங்க. ஜெர்மன் வடிவமான எவர்சில்வர் எல்.ஹெச்.பி. பெட்டிக்கு மாறி, பழைய மாடலை 2018 ஜனவரியோட நிறுத்திட்டாங்க.

ஆனா ஷாட்வெல்டுக்கு ரெண்டு பக்கமும் செம்பு முனை வேணும். தகட்டுல தகடு ஒட்டலாம். போல்ட்டை நட்டுக்குத்தலா நிறுத்தணும்னா? என் பிரச்சினை அதுதானே! அதுக்கு ஒரு கப்பல் பட்டறைக்குப் போகணும்.

கலிஃபோர்னியாவுல மேர் ஐலண்ட் கடற்படைத் தளம், 1930களோட கடைசி. போர்க்கப்பலோட எஃகுத் தளம் மேல மரப்பலகை பதிக்கணும். அதுவரைக்கும் வழக்கம் என்னன்னா, தளத்துல ஓட்டை போடு, போல்ட்டை விடு, கீழே ஒரு ஆள் நட்டை முறுக்கு, தண்ணி ஒழுகாம அடைச்சு விடு. ஒரு போல்ட்டுக்கு மேல ஒரு ஆள், கீழே ஒரு ஆள். அங்கே வேலை பார்த்த டெட் நெல்சன் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி செஞ்சாரு. போல்ட்டை அதோட முனையில சொருகி, சுத்தி ஒரு பீங்கான் வளையம் வச்சு, தளத்துல அழுத்தி விசையை இழுக்கணும். உள்ளே இருக்கற காந்தச்சுருள் போல்ட்டை லேசா தூக்கும், பொறி பறக்கும், போல்ட் நுனியும் தகடும் உருகும், நேரம் முடிஞ்சதும் ஸ்பிரிங் போல்ட்டை உருகின குட்டைக்குள்ள அமுக்கிடும். மொத்தம் ஒரு நொடிக்குள்ள. ஓட்டை கிடையாது, கீழே ஆள் கிடையாது. ரெண்டாம் உலகப்போர்ல அமெரிக்கக் கப்பல் கட்டற வேகத்துக்கு இதுவும் ஒரு காரணம். இன்னிக்கும் பாலத்துலயும் அடுக்குமாடியிலயும் எஃகு உத்தரத்தையும் கான்கிரீட்டையும் பிணைக்க, தலை பருத்த ஆணிகளை இப்படித்தான் வரிசையா நடறாங்க.

இங்கேயும் கவனிங்க, எப்போ நிறுத்தணும்னு முடிவு பண்றது கருவி. வேலை செய்யறவர் குறி பார்த்து விசையை இழுக்கறதோட சரி.

நெல்சன் முறை கனமான தகட்டுக்கு சரி. அப்பளம் மாதிரி தகட்டுக்கு அந்த அரை நொடி கூட ஜாஸ்தி. அதுக்குத்தான் பிற்பாடு கெபாசிட்டர் முறை வந்துச்சு. போல்ட்டோட அடியில ஒரு குட்டி முளை இருக்கும். மின்தேக்கியில சேர்த்து வச்ச சக்தி மொத்தமும் அந்த முளை வழியா ஒரே மூச்சுல பாயும். முளை ஆவியாகும், பொறி பிறக்கும், போல்ட் கீழே இறங்கும், முடிஞ்சுது. 1-லேர்ந்து 3 மில்லி செகண்டு. அரை மில்லிமீட்டர் தகட்டுல கூட வைக்கலாம். பின்பக்கம் நிறம் கூட மாறாது. லிஃப்ட் கதவு, ஓட்டல் கிச்சன் சாமான், கன்ட்ரோல் பேனல் இதுலெல்லாம் முன்னாடி ஒரு திருகும் தெரியாம பின்னாடி போல்ட் நிக்குதே, அது இந்த மாயம்தான்.

இப்போ என் மூடிக்கு வருவோம். ஒரு சின்ன கணக்கு போட்டேன். இந்த வகைச் சின்ன மிஷின்ல 66,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 200 வோல்ட்டுன்னு வச்சுக்கங்க. உள்ளே இருக்கற சக்தி 1,320 ஜூல். 100 மில்லி தண்ணியை 3 டிகிரி சூடாக்கும், அவ்வளவுதான். என் இன்வெர்ட்டர் 60 ஆம்ப்ஸ்ல, சுமார் 22 வோல்ட்டுல, ஒரு நொடியில எவ்வளவு குடுக்குது? அதே 1,320 ஜூல்!

நான் அதிகமா சூடாக்கிட்டேன்னு நினைச்சுட்டிருந்தேன். அதே சூடுதான், நேரம்தான் வேற. சூடு உலோகத்துக்குள்ள பரவற தூரம் நேரத்தோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரி வளரும். எவர்சில்வர்ல 3 மில்லி செகண்டுல அது கால் மில்லிமீட்டர் கூடப் போகாது. ஒரு நொடியில நாலு மில்லிமீட்டர் வரைக்கும் போயிடும். என் மூடியோட தடிமனே ஒரு மில்லிமீட்டருக்குள்ள. அப்புறம் ஓட்டை விழாம என்ன செய்யும்? எவர்சில்வர் சாதா இரும்பை விட மூணுல ஒரு பங்குதான் சூட்டைக் கடத்தும், ஒன்றரை மடங்கு விரியும். சூடு ஓடிப்போகாம அங்கேயே நின்னு தகட்டை நெளிச்சுடும். ரெண்டாவது போல்ட்டுக்குப் பொறுமையா டேக் அடிச்சேன்னு பெருமைப்பட்டேனே, அது இன்னும் மோசம். அந்த வியாதி வெப்பநிலையில மூடியைத் திரும்பத் திரும்ப நிறுத்தியிருக்கேன். வளையத்துக்கு முக்கியக் குற்றவாளி சாதா போல்ட்தான். ஆனா நானும் கூட்டாளி.

என் மிஷின்ல ஆம்பியர் குமிழ் ஒண்ணு இருக்கு. நேரத்துக்குக் குமிழ் இல்லை. அந்தக் குமிழ் என் மணிக்கட்டு. ராக்ஸ்டேலும் நெல்சனும் நம்பாத அதே மணிக்கட்டு.

இன்னொண்ணு. இந்தத் தேடல்ல தூக்கத்தைக் கெடுத்தது புகை. எவர்சில்வரை ராடு போட்டு வெல்டு வைக்கும்போது வர்ற புகையில ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கு. ராடு மேல இருக்கற பூச்சுல சோடியம், பொட்டாசியம் இருக்கறதால அது இன்னும் அதிகமாகும். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை 2017-ல எல்லா வெல்டிங் புகையையும் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான முதல் பிரிவுல சேர்த்துடுச்சு. நான் கதவைச் சாத்திக்கிட்டு, ஃபேனை நிறுத்திட்டு (பொறி பறக்குமேன்னு!), துத்தநாகப் புகையும் சேர்த்து இழுத்திருக்கேன். எனக்கு ரெண்டு போல்ட். ரோட்டோரப் பட்டறையில கேட்டும் கைப்பிடிக் கம்பியும் செய்யற பையன் மூஞ்சியில ஒரு கர்ச்சீஃப்தான் கட்டியிருக்கான். ஒரு நாளைக்கு எத்தனை வெல்டு வைப்பான்? 1934-லயே இதுக்குப் புகை ரொம்பக் கம்மியான வழி இருந்துச்சு. மிஷின் விலை அவன் எட்டற தூரத்துல இல்லை.

கடைசியில மூடியைத் தூக்கிக்கிட்டு பாத்திரம் ரிப்பேர் அண்ணாச்சிகிட்டயே போனேன். அவர் கடையில கால்ல மிதிக்கற ஸ்பாட் வெல்டிங் மிஷின் ஒண்ணு, ரெண்டு செம்பு முனையோட. ஒரு வாணலிக்குப் பிடி வச்சிட்டிருந்தார். டக். டக். டக். மூணு புள்ளி, முடிஞ்சுது. வீட்ல இருக்கற எவர்சில்வர் பாத்திரப் பிடியை உள்பக்கம் தடவிப் பாருங்க, அந்தப் புள்ளிக் குழி தட்டுப்படும். மிஷினுக்குப் பேரு என்னன்னு கேட்டேன். "மிஷின்தான் தம்பி"ன்னாரு.

மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யார் வச்ச வெல்டு இது?"ன்னு கேட்டாரு. ஃபிரெண்டுன்னு சொன்னேன். சாதா போல்ட்டை கிரைண்டர்ல வெட்டி, துருவைத் தேய்ச்சு எடுத்து, அந்த இடத்துல சின்னதா ஒரு தகடு ஸ்பாட் வச்சாரு. குமிழுக்கு என்ன பண்றதுன்னு கேட்டப்போ, "அதான் ஓட்டை போட்டு வச்சிருக்காரே உங்க ஃபிரெண்டு"ன்னுட்டு, அதையே வட்டமாக்கி, எவர்சில்வர் போல்ட்டை உள்ளேர்ந்து விட்டு, வாஷர் வச்சு, மேல பேக்லைட் குமிழை முறுக்கிட்டாரு. நெல்சன் கஷ்டப்பட்டு ஒழிச்ச அதே பழைய முறை.

குமிழ் இப்போ நடுவுல இல்லை, கொஞ்சம் ஓரமா இருக்கு. மூடியை எடுக்கும்போது ஒரு பக்கம் சாயுது. பாட்டி பேர் இருக்கற பக்கம் தப்பிச்சுது. வாஷர் ஓரமா லேசா ஆவி வருதுன்னு அம்மா சொல்றாங்க.